கோணல் பல்

மாமியார் அவளை முதன்முதலாகத் தேடி வந்தது பெண் பார்க்க அல்ல, சண்டை போட.

அப்போது அவர் மாமியாரும் இல்லை. புதிதாகப் பல்செட் கட்டிக்கொண்ட ஓர் அம்மாள், அவ்வளவுதான். பல் டாக்டரின் கிளினிக் கீழே இருந்தது, பல்செட் செய்யும் லேப் மாடியில். டாக்டர் வாயை அளவெடுத்து அனுப்புவார். மாடியில் இருப்பவர்கள் அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றி ஈறின் வார்ப்பை எடுப்பார்கள், அதன்மேல் மெழுகு வைத்துப் பல் அடுக்குவார்கள், எல்லாம் சரியென்றால் மெழுகை உருக்கி எடுத்துவிட்டுக் கெட்டியான செட்டாக்கிக் கீழே அனுப்புவார்கள். வாய்க்குச் சொந்தக்காரர்கள் யாரும் மாடிப்படி ஏறுவது வழக்கமில்லை. இந்த அம்மாள் ஏறினார். மூச்சு வாங்க வாசலில் நின்று, கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இந்தப் பல்லைச் செஞ்சது யாரு?"

அவள் எழுந்து நின்றாள். விரலெல்லாம் மெழுகு.

"நீயா? இந்த வேலை வரலைன்னா வேற வேலைக்குப் போகலாமே. உலகத்துல வேலையா இல்ல?"

பின்னாலேயே ஏறி வந்த மகன், லிஃப்ட் ரிப்பேர் செய்பவன், தோளில் தொங்கிய கருவிப் பையை இறக்கி வைத்தான். "அம்மா என்ன சொல்றாங்கன்னா, இடது பக்கம் கொஞ்சம் உராயுதாம். மத்தபடி வேலை ரொம்பத் திருப்தியாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். மேல்வரிசையில், நடுப்பல் இரண்டுக்கும் அடுத்து, இடப்பக்கத்துப் பல் மட்டும் சற்றுத் திரும்பி, பக்கத்துப் பல்லின்மேல் தோள் சாய்த்து நின்றது. அவளுடைய தொழில் கண் முதலில் அதைத்தான் பார்த்தது. முகத்தை அப்புறம்தான் பார்த்தது.

செட்டை வாங்கி, உராய்ந்த இடத்தைத் தேய்த்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் வலப்பக்கம் உராய்கிறது என்று மகன் மட்டும் வந்தான், செட் இல்லாமலேயே. லேப்பில் பிளாஸ்டர் வேலை பார்ப்பவர், தலை முதல் கால்வரை வெள்ளையாகவே திரிவதால் 'சுண்ணாம்பு' என்று பெயர் எடுத்தவர், அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, உராயறது பல்லு இல்லைன்னு நினைக்கிறேன்" என்றார்.

அப்படி நடந்த கல்யாணம் அது.

கல்யாணத்தன்று மாமியார் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "ஏம்மா, பல்லு செய்யறவ நீ. இவனோட கோணப் பல்லைப் பார்த்துமா சம்மதிச்ச?" போட்டோ எடுப்பவர் கேமராவைத் தூக்கியதும் மகனைப் பார்த்து, "வாயை மூடிட்டுச் சிரிடா" என்றார். சின்ன வயதிலிருந்து அவனுக்கு அது பழக்கம். கேமராவைக் கண்டால் உதடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் படம் எதிலும் அவன் பல் தெரியாது.

மாமியாருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. மனதுக்கும் வாய்க்கும் நடுவே மற்றவர்களுக்கு ஒரு கதவு இருக்கும், அவருக்கு வெறும் வாசல்நிலைதான் இருந்தது. தோன்றியதும் வெளியே வந்துவிடும். மருமகள் முடி வெட்டிக்கொண்டு வந்தால், "பரவாயில்ல, வளர்ந்துடும்." புதிதாக மஞ்சள் நிறச் சட்டை ஒன்று போட்டுக்கொண்டால், "உடம்புக்கு என்ன?" அவள் வைத்த சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "வெந்நீர் போட்டியா, நல்லா இருக்கு." யாராவது மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், "டாக்டர்லாம் இல்ல. டாக்டருக்குப் பல்லு செஞ்சு குடுக்கறவ" என்று, கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்வார்.

அவள் முகம் சுருங்கும். சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை ஓசையோடு வைப்பாள். உடனே அவன் பின்னால் வந்து நிற்பான். கையைக் கட்டிக்கொண்டு, அரசவையில் அயல்நாட்டுத் தூதன் சொன்னதை ராஜாவுக்கு விளக்குகிறவன்போலக் குரலை மாற்றிக்கொள்வான்.

"அம்மா என்ன சொல்றாங்கன்னா, சூப்பு ரெண்டாவது கிண்ணம் வேணுமாம். கேக்கக் கூச்சமா இருக்காம்."

"உங்க அம்மாவுக்குக் கூச்சமா?"

"அது மூல பாஷையில இருக்கு. உனக்குப் புரியாது."

உண்மையிலேயே மாமியார் இரண்டாவது கிண்ணம் வாங்கிக் குடிப்பார். மொழிபெயர்ப்பு பெரும்பாலும் தவறியதில்லை. குழந்தை இல்லாததைப் பற்றி மாமியார் ஒரே ஒரு முறை வாயை விட்டார். அதற்கு மட்டும் அவன் மொழிபெயர்க்கவில்லை. அம்மாவைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அந்தப் பேச்சு அப்புறம் அந்த வீட்டில் எழவே இல்லை.

ஊர்ப்பட்ட லிஃப்ட்டுகளை ஏற்றி இறக்கியவன், லிஃப்ட் இல்லாத தன் வீட்டு மாடிப்படியில் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் நடுவே மாமியார் சொன்னார்: "இவ அழவே இல்ல, பார்த்தீங்களா? நல்ல தைரியசாலி." அதைச் சொன்ன குரலில் பாராட்டு இருந்ததா, குத்தல் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் சமையலறைக்குள் போய் நின்றாள். பின்னால் யாரும் வரவில்லை. அவளே அந்தக் குரலை எடுத்துப் பார்த்தாள். 'அம்மா என்ன சொல்றாங்கன்னா' என்பது வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் இரண்டு பேர். மாமியாரின் வாய் நிற்கவில்லை. பேச்சு முழுக்க இப்போது அவனைச் சுற்றியே இருந்தது. "அவன் இருந்தா இந்த பல்பை இப்படிக் கண்ணடிக்க விடுவானா?" "அவன் இருந்தா ரொட்டியை இப்படிக் கருக்கித் தின்ன வெப்பியா?" ஒவ்வொரு 'அவன் இருந்தா'வும் அவள்மேல் வந்து விழுந்தது. அவள் பல்பை மாற்றினாள். கருகிய ரொட்டியைச் சுரண்டினாள்.

ஒருநாள் நாத்தனார் போனில் பேசினாள். அவனுடைய தங்கை, ரயிலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து போகவேண்டிய தூரத்தில் குடும்பத்தோடு இருந்தாள். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தார். நான்கு எட்டு தள்ளி, மருமகள் அவருக்காக உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கேன்னா என்ன சொல்றது? இருக்கேன். இங்க எனக்குன்னு யாரு இருக்கா?"

உருளைக்கிழங்கு சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

மறுநாள் நாத்தனார் அவளையே கூப்பிட்டாள். "அண்ணி, அம்மாவை நான் இங்க கூட்டிட்டு வந்துடறேன். ரூம்லாம் ஒழிச்சு வெச்சாச்சு. அம்மா வாய் உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் கொஞ்சம் மூச்சு விடுங்க. என்ன சொல்றீங்க?"

மாமியார் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"அத்தை இஷ்டம்" என்றாள் அவள்.

மாமியார் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் எங்க இருந்தா என்ன" என்றார் துணியிடம். அத்துடன் முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் நாத்தனார் வந்து அழைத்துப் போவது என்று பேச்சு.

அதற்கு நடுவில் பல்செட் உடைந்தது.

காலையில் வாஷ்பேசினில் கழுவும்போது கை தவறி, மேல்செட் நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது. அவள் செய்து கொடுத்த அதே பழைய செட். தேய்ந்து, தளர்ந்து, ஆடிக்கொண்டிருந்தது. ஒட்டிக் கொடுக்கலாம் என்று டாக்டரிடம் அழைத்துப் போனால், அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஆடிய செட் உரசி உரசி ஈறெல்லாம் புண். புண் ஆறட்டும், அதுவரை எதையும் வாயில் வைக்கக் கூடாது, பிறகு புதிதாக அளவெடுத்துச் செய்துவிடலாம் என்றார். ஊருக்குப் போகும் முன் முடியுமா என்று அவள் கேட்டாள். ஆறினால் முடியும் என்றார் டாக்டர்.

மாமியார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கைக்குட்டை இறங்கவில்லை. பல்லில்லாத வாயோடு யார் முன்னாலும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. உலை வாயை மூடலாம், இவர் வாயை மூட முடியாது என்று அவன் கேலி செய்வான். அந்த வாய் மூடிக்கொண்டது.

முதல் நாள் அவளுக்குச் சொர்க்கமாக இருந்தது. இதை ஒத்துக்கொள்ள வேண்டும். சூப் வைத்தாள், கஞ்சிபோலக் குழைத்து ஓட்ஸ் வைத்தாள், இரண்டும் விமரிசனமில்லாமல் உள்ளே போயின. மேஜையில் கரண்டிச் சத்தம் மட்டும். அவள் வேலைக்குப் போகும்போது மெல்லப் பாடிக்கொண்டே படியிறங்கினாள். லேப்பில் சுண்ணாம்பு கேட்டார், "என்ன, வீட்ல விசேஷமா?"

"எங்க அத்தை பேசலை."

"அய்யோ, உடம்புக்கு ஏதாவதா?"

"பல்லு இல்ல, அண்ணே."

"அதானே பார்த்தேன்" என்று அவர் பிளாஸ்டர் பொடியைக் கலக்கினார். "நான் எங்க வீட்டுக்காரி பல்லு விழறதுக்குக் காத்துட்டிருக்கேன். ஒண்ணுகூட ஆட மாட்டேங்குது."

இரண்டாம் நாளும் நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் வீடு பெரிதாகிக்கொண்டே போனது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், "இவ்வளவு நேரமா?" என்ற குரல் வராது. கடிகாரம் ஓடுவது கேட்டது. குழாய் ஒன்று சொட்டுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. மாமியார் ஜன்னலோரம் கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பார். நிமிர்ந்து பார்ப்பார், குனிந்துகொள்வார்.

அவள் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் சூப்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டாள். மாமியார் ஒரு வாய் குடித்தார். கண் இரண்டும் அகல விரிந்தன. உதடு துடித்தது. வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மாமியார் தண்ணீர்க் குவளையை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் பெட்டியின் அடியிலிருந்து அந்த மஞ்சள் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "அத்தை, இது எப்படி இருக்கு?"

மாமியார் மேலும் கீழும் பார்த்தார். கைக்குட்டைக்குப் பின்னால் என்னென்னவோ உருண்டன. கடைசியில் கையை நீட்டி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று. அவ்வளவுதான். அவள் சிரித்துவிட்டாள். மாமியாரின் கண்ணும் சிரித்தது. ஆனால் சத்தம் இல்லை.

அன்று சாயங்காலம் கூடத்து பல்பு மறுபடி கண்ணடித்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். 'அவன் இருந்தா' என்ற பேச்சு வரும் என்று காது தானாகவே காத்திருந்தது. வரவில்லை. எத்தனையோ நாளாக அந்த வீட்டில் யாரும் அவனைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளாக அவனைப் பற்றிப் பேசியதே இல்லை. மாமியார்தான் தினமும் அவனை இழுத்து வந்து, பல்புக்கும் ரொட்டிக்கும் நடுவே உட்கார வைத்துக்கொண்டிருந்தார். இவர் ரயிலேறிப் போனால் அவனும் கூடவே போய்விடுவான். மிச்சம் சுவரில் இருக்கும் படம்தான். அதில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறான்.

அவள் நாற்காலியைப் போட்டு ஏறி பல்பை மாற்றினாள். இறங்கியபோது மாமியார் நாற்காலியின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

இருங்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். ஆனால், 'இங்க எனக்குன்னு யாரு இருக்கா' என்று கேட்டவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? மகளோடு இருக்க ஆசைப்படும் வயதானவரைத் தன் தனிமைக்காகப் பிடித்து வைப்பதா? அவள் நாற்காலியை எடுத்துப் பழைய இடத்தில் போட்டாள்.

புண் ஆறியது. டாக்டர் அளவெடுத்து அனுப்பினார். சுண்ணாம்பு வார்ப்பெடுத்துக் கொடுத்தார். அவள் அதை மேஜையில் வைத்துக்கொண்டு ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள்.

பல் அடுக்குவது கை வேலை. கத்தியைச் சூடாக்கி, மெழுகை இளக்கி, ஒரு பல்லை நட்டு, தூரப் பிடித்துப் பார்த்து, மயிரிழை திருப்பி, மறுபடி பார்ப்பது. எத்தனையோ வாய்க்கு அடுக்கிய கை. மூளை வேறு எங்கோ இருந்தாலும் கை தன் பாட்டில் போகும். அன்று அவள் மூளை ரயில் நிலையத்தில் இருந்தது. நாத்தனார் டிக்கெட் எடுத்துவிட்டதாகக் காலையில்தான் சொல்லியிருந்தாள். வேலை முடிந்ததும் செட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நன்றாக, உயிரோடு இருப்பதுபோல வந்திருந்தது. ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று அவள் யோசிக்கவில்லை.

மெழுகுச் செட்டை ஒருமுறை வாயில் போட்டுப் பார்த்து, பேச வைத்து, சரியாக இருந்தால்தான் கெட்டிப்படுத்துவார்கள். மெழுகாக இருக்கும்வரை எந்தப் பல்லையும் மாற்றலாம். டாக்டர் செட்டை மாமியார் வாயில் பொருத்தினார்.

"ஒண்ணு, ரெண்டு எண்ணுங்கம்மா."

மாமியார் தலையாட்டினார். உதட்டைத் திறக்கவில்லை.

"எண்ண வேணாம், ஏதாவது சொல்லுங்க. காத்து வெளிய போகுதான்னு பார்க்கணும்."

தலையாட்டல்தான். டாக்டர் மாடிக்கு ஆள் அனுப்பினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். டாக்டர் அடுத்த அறைக்குப் போனதும், கைக்கண்ணாடியை மாமியாரிடம் கொடுத்தாள்.

"பேசுங்க அத்தை. என்னைத் திட்டினாக்கூடப் போதும்."

மாமியார் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தார். மெதுவாக உதட்டைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே இருந்தார்.  கண்ணாடியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கோணலா வெச்சிருக்கே" என்றார்.

அத்தனை நாள் கழித்து வந்த குரல். அவள் குனிந்து பார்த்தாள். மேல்வரிசையில், நடுப்பல் இரண்டுக்கும் அடுத்து, இடப்பக்கத்துப் பல் மட்டும் சற்றுத் திரும்பி, பக்கத்துப் பல்லின்மேல் தோள் சாய்த்து நின்றது.

 தன் மேஜையில் அதை எத்தனை தடவை தூக்கிப் பார்த்திருப்பாள்! அவள் கண்ணுக்கு அது கோணலாகப் படவே இல்லை. வருஷக்கணக்கில் சாப்பாட்டு மேஜையில் எதிரே பார்த்த வரிசை. கை அதைத்தான் வரிசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

"ஐயோ அத்தை, தெரியாம வெச்சுட்டேன். மெழுகுதான், ஒரு நிமிஷத்துல நிமித்திடறேன். கழட்டுங்க." கையை நீட்டினாள்.

மாமியார் வாயை டப்பென்று மூடிக்கொண்டார். மூடிய வாய்க்குள்ளிருந்தே சொன்னார்: "கையைக் கொண்டு வந்தே, கடிச்சுடுவேன்."

"கடிச்சா மெழுகு நசுங்கிடும் அத்தை."

"அப்ப கையைக் கொண்டு வராதே."

மறுபடி கண்ணாடியைத் தூக்கினார். இந்த முறை சிரித்துப் பார்த்தார். நேராகப் பார்த்தார், முகத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்தார். கன்னத்தில் இறங்கியதைத் துடைக்கவில்லை.

"இது அவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கிறே? எனக்கு இருந்தது. அச்சு அசலா இதே பல்லு, இதே கோணல். ஸ்கூல்ல என்னைக் 'கொக்கி'ன்னுதான் கூப்பிடுவாங்க. எந்தப் பல்லு விழுந்தப்பவும் அழுதேன், அது விழுந்தப்ப மட்டும் விட்டதுடா சனியன்னு இருந்தேன். அவனுக்கு அதே மாதிரி முளைச்சதும் எனக்கு வயித்தெரிச்சல். வாயை மூடிட்டுச் சிரிடா, வாயை மூடிட்டுச் சிரிடான்னு..." கண்ணாடி மடியில் இறங்கியது. "ஒரு படத்துலயாவது பல்லு தெரியச் சிரிக்க விட்டேனா நான்?"

அவள் அந்த நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். துக்க வீட்டில் வராத அழுகை, ஸ்பிரிட்டும் மருந்தும் நாறும் அந்தச் சின்ன அறையில் வந்தது. மாமியார் அவள் தலையில் கையை வைத்தார்.

"அழு அழு. மூஞ்சி நல்லா இருக்காது, பரவாயில்ல."

டாக்டர் திரும்பி வந்தார். மாமியாரின் வாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இடது பக்கம் ஒரு பல்லு திரும்பியிருக்கே. நிமித்திடலாம்" என்றார்.

"உங்க மூக்குகூடத்தான் ஒரு பக்கமாத் திரும்பியிருக்கு, டாக்டர். நான் ஏதாவது சொன்னேனா?"

டாக்டர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காற்று எதுவும் வெளியே போகவில்லை, பேச்சு தெளிவாக வருகிறது, செட்டை அப்படியே முடித்துவிடலாம் என்று அனுமதி கொடுத்தார். மாடியில் சுண்ணாம்பு, "நான் அன்னிக்கே பார்த்தேன். அந்த அம்மா கேட்டு வாங்கறாங்களாக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

புதுச் செட் மாட்டிய மறுநாள் நாத்தனார் வந்து இறங்கினாள். கதவைத் திறந்த அம்மா, "என்னடி, இப்படி ஊதிட்டே?" என்று சிரித்தார். நாத்தனார் கையிலிருந்த பையைக் கீழே போட்டாள். அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அண்ணன்" என்று மட்டும் சொன்னாள். மாமியார் மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே, அவள் தோளுக்கு மேலாக மருமகளைப் பார்த்துப் பெருமையாகப் புருவத்தைத் தூக்கினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாத்தனார் அம்மாவின் துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். மருமகள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயை மெல்லத் திறந்து வைத்திருந்தாள், கூடத்தில் பேசுவது கேட்கும் அளவுக்கு.

"பல்லு உராய்ஞ்சா அங்க யாருடி பார்ப்பா?" இது மாமியார்.

"எங்க ஊர்லயும் பல்லு டாக்டர் இருக்காங்கம்மா."

"இருப்பான். போய் வாயைத் திறந்தா, முதல் வேலையா இந்தப் பல்லை நிமித்திடுவான்."

"நிமித்தக் கூடாதுன்னு சொல்லிக்கலாம்."

"உங்க வீட்ல காத்தும் வராது."

"ரெண்டு ஜன்னல் இருக்கும்மா!"

"இருந்து என்ன?"

நாத்தனாருக்குப் பொறுமை போனது. "போன்ல நீதானேம்மா சொன்ன? இங்க எனக்குன்னு யாரு இருக்கான்னு. இப்ப கேக்கறேன், சொல்லு. இங்க உனக்கு யாருதான் இருக்கா?"

 குழாயின் கீழே அவள் கை அசையாமல் நின்றது. அன்றைக்கு அந்தக் கேள்வி போனுக்குள் போகவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. நான்கு எட்டு தள்ளி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவளை நோக்கித்தான் அது வந்தது. மொழிபெயர்க்க ஆளில்லாததால் கீழே விழுந்து கிடந்தது. பின்னால் யாரும் வந்து நிற்கப்போவதில்லை.

அவள் குழாயை மூடினாள். சோப்பு நுரை வழியும் கையோடு கூடத்துக்கு வந்தாள்.

"நான் இருக்கேன்" என்றாள். "அத்தை, நீங்க போகாதீங்க. இங்கயே இருங்க."

மாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தார்.  பிறகு குரல் வெடித்தது.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன? அத்தை இஷ்டமாம், இஷ்டம்! எனக்குத்தான் வாய்ல பல்லு இல்ல. உனக்கு என்ன கேடு?"

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையில் பாதி மடித்த துணி இருந்தது. "அப்ப நான் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்?"

"என் பல்லைப் பார்க்க" என்றார் மாமியார். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போ." மருமகள் பக்கம் திரும்பினார். "ஈரக் கையை வெச்சுக்கிட்டு என்ன நிக்கறே நீ, தரையெல்லாம் நுரை. போய்த் துடைக்கிற துணியை எடுத்துட்டு வா."

அதற்கப்புறம் அவர் வெகுகாலம் அந்த வீட்டில்தான் இருந்தார். போட்டோ எடுப்பதென்றால் முதல் ஆளாக வந்து நடுவில் உட்கார்ந்து, பல் முழுக்கத் தெரியச் சிரிப்பார். பக்கத்தில் நிற்பவர்களையும் விடமாட்டார்: "வாயைத் திறந்து சிரியேன், காசா பணமா?" மருமகளின் சூப்பைப் பற்றிய அபிப்பிராயத்தைக் கடைசி கிண்ணம்வரை மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் கண்ணை மூடிய பிறகும், லேப்பில் அவள் மேஜைக்கு மேலே அலமாரியில் அந்த ஈறு வார்ப்பு இருக்கிறது. வெள்ளைப் பிளாஸ்டர், பல்லில்லாத மேல்வாய். இடத்துக்குத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் சுண்ணாம்பு பழைய வார்ப்புகளைக் கூடையில் அள்ளிப் போடுவார். ஒருநாள் இதையும் கையில் எடுத்தார்.

"இது யாருது? போட்டுடட்டுமா?"

"வேணாம் அண்ணே. எங்க அத்தையோடது."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா சொல்றே! இவ்வளவு சின்ன வாயா அது?"

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மெழுகு விரலில் சொட்டியது. விரலை உதறிக்கொண்டே வார்ப்பை அவரிடமிருந்து வாங்கினாள். தூசியைத் துணியால் துடைத்து, முகம் தன் நாற்காலியைப் பார்க்கும்படி, பழைய இடத்திலேயே வைத்தாள்.